ஈரத்தோடு போட்ட எடை

ஜனவரி 12

என் அக்காவுக்கு,

சளியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் இருமல் உண்மையிலேயே குறைந்ததா, இல்லை குறைந்தது என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் இருமுகிறாரா?

போன மாதம் அங்கே வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் மூன்றாவது நிமிடத்தில் நிலக்கரி வந்தது, நாலாவது நிமிடத்தில் நீ போனை வைத்தாய். அதனால்தான் கடிதம். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது. நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டாக வேண்டும், நீ திட்டி முடிக்கும்வரை நானும்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய அனல்மின் நிலையங்களில் எதை முதலில் மூடுவது என்று திட்டம் எழுத ஆறு பேரைப் போட்டிருக்கிறார்கள். அதில் நான் ஒருத்தி. மற்ற ஐந்து பேருக்கும் ஒன்று தலை நரைத்திருக்கிறது, அல்லது முடியே இல்லை. அதனால் கணக்கு வேலை முழுவதும் என் தலையில். ஒன்பது நிலையங்களை எடுத்திருக்கிறோம். ஆமாம், நம்முடையதும் அதில் உண்டு. வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரியவேண்டாம் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

பேப்பரில் எங்கள் படம் வந்ததே, பார்த்தாயா? ஓரத்தில், பாதி கண்ணை மூடிக்கொண்டு நிற்பது நான்தான்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
வாலு


ஜனவரி 24

வாலுவுக்கு,

இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால் அதற்கும் ஆறு பேர் கொண்ட குழு போடவேண்டும். இருமல் போர்வைக்குள்தான்.

படத்தைப் பார்த்தாயா என்று கேட்கிறாய். அதைப் பார்க்காமல் இந்த வீட்டில் பால் எடுக்க முடியாது. நகம் வெட்டும் கத்தரியால் சுற்றி வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார் உன் அப்பா. அடியில் இருக்கும் இரண்டு வரியை என்னை மூன்று தடவை படிக்க வைத்தார். கண் தெரியவில்லையாம். ஆனால் உன் பெயர் எந்த வரியில் வருகிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறார். முப்பது வருஷம் பாய்லர் முன்னால் வெந்த மனிதர், அதை அணைக்க வருகிறவளுக்கு விசிறி.

நான் பதினெட்டு வருஷமாக ஆலை வாசல் பலகையில் அன்றைய நிலக்கரி கிலோவுக்கு எவ்வளவு வெப்பம் தரும் என்ற வெப்ப எண்ணைச் சாக்பீஸால் எழுதுகிறேன். என்னை யாரும் வெட்டி எங்கேயும் ஒட்டியதில்லை. கல்லூரி இரண்டாம் வருஷத்தில் ஆலை லேப் வேலைக்கு என்னை அனுப்பிவிட்டு, உன்னைப் படிக்க அனுப்பியபோது அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “பெரியவ சமாளிச்சுக்குவா.” சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவருக்கு முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைப்பதும் நான்தான், உன் படத்தின் அடியில் இருப்பதைப் படித்துக் காட்டுவதும் நான்தான்.

பொறாமையா என்று கேட்பாய். ஆமாம். மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

மூடுவதைப் பற்றி என் கருத்து மாறவில்லை. எங்கள் புகையில் உலகம் சுடுகிறது என்கிறாய். சுடட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நமக்கு முன்னால் நூறு வருஷம் எரித்துத் தீர்த்த பணக்கார நாட்டுக்காரர்கள் சோபாவில் உட்கார்ந்திருக்க, நாலாயிரம் குடும்பம் நாளைக் காலையில் எங்கே போய் நிற்பது? சூரியத் தகடு பகலில் வேலை செய்யும். சாயங்காலம் விளக்குப் போட உன் குழு வருமா?

ஆவி பிடி. சளி போகும்.

அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

ஆவி பிடித்தேன், மூக்கு திறந்தது. உனக்கு முழங்கால் வலி என்று அத்தான் ஒரு வரி செய்தி அனுப்பியிருந்தார். அதை ஏன் எழுதவில்லை?

போன கோடையில் இங்கே வெயில் தாங்காமல் பதினொரு நாள் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். நான் வேலை செய்யும் கட்டடத்தின் காவலாளி நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்தார். நம் வீட்டு ஜன்னலில் தினம் நீ துடைக்கும் சாம்பல்தான் அப்பாவின் நெஞ்சிலும் இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே சாயங்கால விளக்கைப் பற்றி மட்டும் எப்படிப் பேச முடிகிறது உன்னால்?

பொறாமை என்றாயே. எனக்கும் உண்டு. போன மாதம் ஆலை வாசலில் உனக்காக நின்றுகொண்டிருந்தேன். ஷிப்ட் விட்டதும் நூறு பேராவது உன்னிடம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போனார்கள். என்னை ஒருத்தர் “யாரும்மா, வெளியூரா?” என்று கேட்டார். பிறந்து வளர்ந்த இடத்தில்! இங்கே மூன்றாம் மாடி அறையில் எதிர்வீட்டுக்காரிக்கு என் முகம் தெரியாது. அப்பா என் படத்தை ஒட்டிவைத்திருக்கிறார், சரி. இருமும்போது அவர் யாரைக் கூப்பிடுகிறார்? உன்னைத்தானே.

இதோடு திட்டத்தின் வரைவை அனுப்புகிறேன். பக்கம் பதினான்கில்தான் முக்கியமான அட்டவணை. ஒவ்வொரு நிலையமும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு வெப்பம் செலவழிக்கிறது என்ற கணக்கு. அதிகமாகச் செலவழித்து முதல் மூன்று இடத்தில் வருகிறவற்றை மூடுவோம். முதல் இடம் அடுத்த வருஷம், மூன்றாவது இடம் நான்கு வருஷம் கழித்து. நம்முடையது முதலில் வந்திருக்கிறது. நான் வேண்டுமென்று செய்யவில்லை அக்கா, கணக்கு அப்படி வந்தது. மற்ற எட்டு நிலையங்களுக்கும் வெப்ப எண்ணைக் கேட்டு வாங்கினோம். நம்முடையதற்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. வாசல் பலகையின் அடியில் நீ எழுதியிருந்த வருஷ சராசரியைக் குறித்துக்கொண்டு வந்தேன். உன் எழுத்தைவிட எனக்கு நம்பிக்கையான ஆதாரம் வேறு எது?

சின்ன வயதில் என் கணக்கு நோட்டை நீதானே திருத்துவாய். தப்பு இருந்தால் சுழிப்பாய், இல்லாவிட்டால் ஒன்றும் எழுதாமல் என் பைக்குள் வைத்துவிடுவாய். இப்போதும் அப்படியே. மார்ச் முதல் வாரம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீ ஒன்றும் எழுதாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வேன். மார்ச் இருபதாம் தேதி உங்கள் ஆலைக் கலையரங்கத்திலேயே கருத்துக் கேட்புக் கூட்டம். நான்தான் பேசுகிறேன்.

முழங்காலுக்கு டாக்டரைப் பார்.

வாலு


பிப்ரவரி 15
(அனுப்பாதது)

வாலுவுக்கு,

எல்லோரும் நலம். அவசரமாக எழுதுகிறேன். பக்கம் பதினான்கில் தப்பு இருக்கிறது.

எடைப்பாலத்தில் வேகனை எடை போடும்போது நிலக்கரி ஈரத்தோடு இருக்கும். லேபில் அதைக் காயவைத்துப் பொடி செய்துதான் வெப்பம் பார்ப்போம். அதனால் எங்களிடம் எப்போதும் இரண்டு எண் உண்டு, ஈரத்துக்கு ஒன்று, காய்ந்ததற்கு ஒன்று. காய்ந்ததுதான் பெரிய எண். வாசல் பலகையில் அதைத்தான் எழுதச் சொல்வார்கள். பெரிதாகத் தெரிந்தால் மேனேஜருக்குப் பெருமை. நீ எடையை ஈரத்தோடு எடுத்துக்கொண்டு, காய்ந்த எண்ணால் பெருக்கியிருக்கிறாய். மற்ற எட்டு நிலையமும் ஈர எண்ணைத்தான் அனுப்பியிருக்கின்றன. நமக்கு மட்டும் தண்ணீரும் எரிந்ததாக ஆகிவிட்டது. நாம் வெப்பத்தை வாரி இறைப்பதாகத் தெரிவது அதனால்தான்.

சரியாகப் போட்டுப் பார்த்தேன். நாம் முதல் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்குவோம். அப்போதும் பட்டியலில்தான் இருப்போம். ஆனால் ஒரு வருஷத்துக்கும் நான்கு வருஷத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உன் அத்தானைக் கேள். அவரைப்போல் யார்டில் கரி தள்ளும் வண்டி ஓட்டும் ஒப்பந்தத் தொழிலாளர்களைத்தான் முதல் நாளே வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அச்சுக்குப் போகும்முன் மாற்றிவிடு. இதைப் போய்க் கூட்டத்தில் யாராவது கேட்டால் உன் மானம்…

அப்பா கூப்பிடுகிறார். உன் படத்தின் ஒரு ஓரம் பெயர்ந்துவிட்டதாம். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து ஒட்டவேண்டுமாம். பாய்லரில் ஏதோ வெடித்ததுபோல் கத்துகிறார்.


பிப்ரவரி 19

வாலுவுக்கு,

நாங்கள் நலம். முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் நானும் ஒருத்தி இருக்கிறேன் என்று சொல்கிறது.

உன் அத்தானின் வண்டிக்குப் புது பேட்டரி போட்டுவிட்டார்கள். அந்த மகிழ்ச்சியில் மனிதர் இரண்டு நாளாகப் பாடுகிறார். அண்டை வீட்டார் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. லேபில் நிலக்கரி காயவைக்கும் அடுப்பு ஒன்று பழுது, ஒரே அடுப்பில் எல்லா மாதிரியையும் காயவைக்கிறோம். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கினேன். போட்டுக்கொண்டு முதலில் எதைப் பார்த்தார் என்று சொல்லவேண்டியதில்லை.

வரைவு வந்து சேர்ந்தது. தாள் நல்ல தாள்.

கூட்டத்துக்கு வரும்போது வீட்டில்தான் சாப்பிடவேண்டும். சளிக்கு ஆவி பிடிப்பதை நிறுத்தாதே.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததும் மூச்சு வந்தது. நீ ஒரு சுழிப்பும் போடவில்லை! தலைவரிடம் போய், “அந்த நிலையத்து லேபிலேயே பதினெட்டு வருஷமா இருக்கறவங்க பார்த்துட்டாங்க சார்” என்று சொன்னேன். உன்னை என் அக்கா என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும்போல் இருந்தது. அறுநூறு பிரதி அச்சுக்குக் கொடுத்துவிட்டோம்.

நம்முடையது முதலில் வருவதில் உனக்கு என்ன வருத்தம் இருக்கும் என்று தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு கணக்கில் கை வைக்காமல் விட்டாயே, அதற்காகவே உன்னைக் கட்டிக்கொள்ளவேண்டும். நானாக இருந்தால் ஒரு வாரம் சண்டை போட்டிருப்பேன்.

எனக்கு ஒரே ஆசை. அவ்வளவு தூரம் நடக்க முடியாதே, அப்பாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார வை. நான் பேசுவதை அவர் நேரில் கேட்டதே இல்லை. சாப்பாட்டுக்கு நிச்சயம் வருவேன். ஆவி பிடிக்கிறேன். நீ முழங்காலுக்குத் தைலம் தேய்.

வாலு


மார்ச் 24

வாலுவுக்கு,

அப்பா நலம். நானும் நலம். நீ பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தாயா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சாப்பிடாமல் போய்விட்டாய். நாலு பேருக்குச் சமைத்ததை மூன்று பேர் இரண்டு நாள் சாப்பிட்டோம்.

நான் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. “எடை ஈரத்தோட போட்டதா, காயவெச்சுப் போட்டதா?” அவ்வளவுதான் கேட்டேன். “வெப்பம் எதுல எடுத்தீங்க?” என்று இன்னொன்று. நீ பக்கத்தைப் புரட்டினாய், மறுபடி புரட்டினாய், உன் முகத்தில் ஈயாடவில்லை. “பலகையிலேர்ந்து…” என்று ஆரம்பித்து நிறுத்தினாய். பின்னால் இருந்தவர்கள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் உன் கையிலிருந்து மைக்கை வாங்கியதற்கும் நான் பொறுப்பில்லை. கணக்கு என்றால் கணக்குதானே. நீயே அப்படித்தான் சொல்வாய்.

அங்கே உட்கார்ந்து புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. பட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

சங்கத்துக்காரர்கள் என்னைத் தோளில் தூக்காத குறை. மறுநாள் பேப்பரில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வந்திருக்கிறது. கண் இரண்டும் திறந்திருக்கிறது.

பதில் எழுது. சளி எப்படி இருக்கிறது?

அக்கா


மே 2

வாலுவுக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும். உன்னிடமிருந்து ஐந்து வாரமாக ஒரு எழுத்து இல்லை. போன் செய்தால் மணி அடிக்கிறது, அடித்து ஓய்கிறது.

இங்கே திட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். கடைக்குப் போனால் “அக்கா, நீங்க வரிசைல நிக்காதீங்க” என்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது, பிடித்தும் இருக்கிறது. இப்படி ஒருத்தி இருப்பது இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது ஊருக்கு.

அப்பா என் படத்தை வெட்டி ஒட்டிவிட்டார். கதவில் வேறு இடம் நிறைய இருக்கிறது. ஆனால் உன் படத்தின் மேலேயே, அது மறையும்படி ஒட்டினார். நான் ஆசைப்பட்டது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். இப்போது அந்தக் கதவைத் திறக்கவே பிடிக்கவில்லை. பாலை அத்தானை எடுக்கச் சொல்கிறேன்.

உன் அத்தான் நேற்று அந்த வரைவை எடுத்துப் படித்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, “இத நீ படிச்சியா?” என்றார். ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்காமல் எந்த நிலையத்தையும் மூடக்கூடாது என்று இருந்தது. நான் பதினான்கைத் தாண்டவே இல்லை. அந்தப் பக்கத்தை நீதான் எழுதினாயா?

ஒரு வரியாவது போடு.

அக்கா


மே 18

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவிடமும் அப்படியே சொல்.

என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளுக்கு எண் போடும் பிரிவில் இருக்கிறேன். ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் வேலை. உன் கரியில்தான் எரிகிறது என்று நீ சொல்வாய், அதனால் நானே சொல்லிவிட்டேன்.

ஆமாம், முப்பத்தொன்று நான் எழுதியது. அதற்காகத்தான் நரைத்த தலைகளோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். எழுதும்போது அத்தானை நினைத்துக்கொண்டேன். குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் வேலையாக அதைத்தான் நீக்கினார்கள். செலவாம். மூடுவது நிற்கவில்லை அக்கா, தள்ளித்தான் போயிருக்கிறது. அந்தப் பக்கம் இல்லாமல் திரும்பி வரும்.

தப்பு என்னுடையது. எட்டு இடத்துக்குக் கேட்டேன், ஒரு இடத்துக்கு எனக்கே தெரியும் என்று இருந்துவிட்டேன். வீட்டுப் பெண் என்ற திமிர். பலகையில் எந்த எண் எழுதுவீர்கள் என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

கூட்டத்தில் என்னை எது சுட்டது தெரியுமா? அப்பா உன்னைத் திரும்பிப் பார்த்த பார்வை. இத்தனை வருஷத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அறுநூறு பேர் கத்தியது காதிலேயே விழவில்லை. எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது, அந்த நேரத்திலும்.

உனக்குத் தலைக்கு மேல் வேலை, அடுப்பு வேறு பழுது, வரைவைப் புரட்ட நேரமில்லாமல் போயிருக்கும். நான்தான் நீ பார்த்துவிட்டாய் என்று முடிவு கட்டிக்கொண்டேன். உன்மேல் கோபமில்லை.

வாலு


மே 27

வாலுவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை, இருந்தாலும் நீ நலமாக இரு.

இதோடு இருப்பது பிப்ரவரி 15-ஆம் தேதி எழுதிய கடிதம். முதலில் அதைப் படி. பாதியில் நிற்கும். பிறகு இதைப் படி.

எனக்கு நேரம் இருந்தது. வரைவு கைக்கு வந்த அன்றே பார்த்தேன், அன்றே தெரிந்தது. அந்தப் பலகையை எழுதுகிறவளுக்குத் தெரியாதா? கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய் உன் படத்தை ஒட்டிவிட்டு வந்தேன். ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு “கோணலா இருக்கு, நேரா வை” என்கிறார். திரும்பி வந்து பேனாவைத் தொடவில்லை. கடிதத்தை மறுநாள் லேபுக்குக் கொண்டுபோய், நிலக்கரி மாதிரிப் பொட்டலங்கள் வைக்கும் அலமாரியில் போட்டுப் பூட்டினேன். நாலு நாள் கழித்து உனக்குப் பேட்டரியையும் பாட்டையும் எழுதினேன். ஒன்றும் எழுதாவிட்டால் நீ சரி என்று எடுத்துக்கொள்வாய் என்று தெரிந்துதான் எழுதாமல் விட்டேன்.

நாலாயிரம் குடும்பத்துக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தனியாகச் சொன்னால் மூன்றாம் இடம், சபையில் சொன்னால் திட்டமே போகும் என்று கணக்குப் போட்டேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடும்பங்களுக்காக என்றால் நான் சங்கத்திடம் அல்லவா முதலில் சொல்லியிருக்கவேண்டும்? ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அப்பாவை முதல் வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தது நீ கேட்டாய் என்பதற்காக இல்லை. உன் முகம் விழுவதை அவர் கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்று. புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டேன்.

உன் போன கடிதத்தைப் படித்த பிறகு அப்பாவிடம் சொன்னேன். மருந்துப் புகை முகமூடியை எடுத்துவிட்டு, “தெரியும்” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“கூட்டத்துல நீ ஒரு தடவைகூட அந்தப் புத்தகத்தப் பிரிக்கல. பார்க்காமலே கேட்ட.”

“அப்புறம் எதுக்கு என் படத்த அது மேல ஒட்டினீங்க?”

“அதுக்குத்தானேம்மா நீ இவ்வளவும் பண்ண.”

திரும்பி முகமூடியைப் போட்டுக்கொண்டார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாய். அதுதான் எனக்குத் தாங்காது.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

நான் நலம். இரண்டு மாதத்துக்கு மேல் எழுதாததற்குக் காரணம் சொல்லப்போவதில்லை. அந்த இரண்டு கடிதத்தையும் கோப்புக்குள் வைத்து எண் போட்டுவிட்டேன், இங்கே அதுதானே வேலை.

புதுக் குழுவுக்குக் கணக்குப் போட ஆள் கிடைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, செய்து கொடு, ஆனால் உன் பெயர் இருக்காது என்றார்கள். முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திரும்ப வைத்தால் செய்கிறேன் என்றேன். ஒரு மாதம் இழுத்தார்கள். வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் குட்டையாக.

ஒன்பது நிலையத்துக்கும் ஈர எண்ணையே கேட்டு வாங்கினேன், நம்முடையதற்கும் முத்திரையோடு. நாம் மூன்றாவது. நீ பிப்ரவரியில் சொன்ன அதே இடம். அட்டவணையை இதோடு வைத்திருக்கிறேன். பக்க எண் பதினான்காகவே வரும்படி பார்த்துக்கொண்டேன், வேண்டுமென்றுதான்.

பார்த்துச் சொல். ஆனால் பழைய வழக்கம் இனி இல்லை. நீ ஒன்றும் எழுதாவிட்டால் நான் சரி என்று எடுத்துக்கொள்ளமாட்டேன். சரியென்றால் சரி என்று உன் கையால் எழுதவேண்டும். எழுத உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். எனக்கும் கொஞ்சம் வன்மம் உண்டு.

முழங்கால் எப்படி?

வாலு


ஆகஸ்ட் 20

வாலுவுக்கு,

முழங்கால் அப்படியே. அத்தான் நலம். அப்பாவுக்கு இப்போதெல்லாம் போர்வைக்கு வெளியிலும் இருமல்.

அட்டவணை வந்த விஷயம் எப்படியோ சங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. எட்டுப் பேர் லேபுக்கே வந்துவிட்டார்கள். “இதுலயும் ஏதாவது இருக்கும்க்கா, பாருங்க” என்றார்கள். மூன்று நாள் பார்த்தேன். ஈரம், எடை, வெப்பம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு தப்பாவது கிடைக்காதா என்றுதான் தேடினேன். கிடைக்கவில்லை. இல்லை என்று அவர்களிடம் சொன்னேன். “தங்கச்சின்னு பாக்கறீங்க” என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனார். இப்போது கடையில் வரிசையில்தான் நிற்கிறேன்.

வாசல் பலகையில் இரண்டு எண்ணையும் எழுதுகிறேன். மேனேஜர் கேட்டார். ஒன்றை மட்டும் எழுதவேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன்.

கணக்கு சரி. மூடுவது சரி என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இந்தத் திட்டத்துக்குக் கூட்டம் போட்டால் அதற்கும் வருவேன், முப்பத்தொன்றாம் பக்கத்தை ஏன் குட்டையாக்கினீர்கள் என்று கேட்பேன். எதைக் கேட்கப்போகிறேன் என்று இப்போதே எழுதிவிட்டேன், தயாராக வா.

காலையில் அப்பா கேட்டார், “சின்னவ கணக்கு இந்தத் தடவ சரியா வந்துதா?” என்று. சரி என்றேன். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், ஃப்ரிட்ஜ் கதவில் என் படத்தை நகத்தால் கிளப்ப ஆரம்பித்தார், அடியில் இருக்கும் உன்னைப் பார்ப்பதற்கு. என் படம் கிழிந்தேபோனது. மனிதர் கவனிக்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், தெளிவாகவே எழுதுகிறேன், வைத்துக்கொள்:

பக்கம் பதினான்கு, சரி.

உன் அக்கா